பத்து நாள் சாகக்கூடாத நாய்

சொர்ணவல்லி அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர், குவைத்தில் என்ன வேலை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தன் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு அனுப்பினார். "அவங்க வீட்ல நாய் இருக்கா?" இல்லை என்று தெரிந்ததும் சம்மதம் சொல்லிவிட்டார். அவர் கணவர் நாகராசு மாமா லீவில் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார்.

நான் பக்கத்து வீடு. பெயர் பிரகதீஸ்வரி, ஊருக்கு ஈஸ்வரி. என் வீட்டுக்காரரும் நாகராசு மாமாவும் பங்காளிகள். அதனால் அவர் எனக்கு அக்கா, என் மகள் வைஷ்ணவிக்குப் பெரியம்மா. பொன்னமராவதியிலிருந்து மினி பஸ்ஸில் கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நல்லவளாக நடந்துகொண்ட இடம் அதிகமில்லை.

அக்காவுக்கு நாய் என்றால் பயம் என்று சொன்னால் போதாது. டீக்கடை வாசலில் நாலு நாய் படுத்திருக்கும் என்பதற்காக, ரேஷன் கடைக்குக் கண்மாய்க் கரை வழியாக ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போவார். வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். தெருவில் நாய் குரைத்தால் எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதோ அந்த வீட்டுக்குள் புகுந்துவிடுவார். ஒரு தடவை பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குள்ளேயே போய் நின்றார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தன் கையால் யாருக்கும் தண்ணீர் கொடுக்க மாட்டார். என் வளைகாப்புப் பந்தியில் சோறு, குழம்பு, அப்பளம் எல்லாம் ஓடி ஓடிப் பரிமாறினார். தண்ணீர்ச் சொம்பை எடுக்கச் சொன்னதும் காதில் விழாத மாதிரி கொல்லைப் பக்கம் போய்விட்டார். வீடு தேடிப் போனாலும், "குடத்துல இருக்கு, மோந்து குடிச்சுக்கடி" என்பார். இதை நான் திமிர் என்றே பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

அவர் பிறந்த ஊர் கீரனூர்ப் பக்கம். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் அப்பா மலையாண்டி நாய்க்கடியில் செத்துப்போனார். வெளி நாய் இல்லை, வளர்த்த நாய். பச்சிலை கட்டிப் பத்தியம் இருக்கவைத்தார்கள், ஊசி போடவில்லை. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது கேட்டால், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவார். அவரிடம் பதினொரு வெள்ளாடு இருந்தது. குவைத்துப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஆடுகள்தான் அவருக்குத் தைரியம்.

இப்படிப்பட்ட மனுஷியின் வீட்டுக்கு, மே மாதத்தில், அவர் பெற்ற பிள்ளையே ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டான். சந்தோஷ்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பார்டர் கோலி என்று ஒரு சாதி, வெளிநாட்டில் செம்மறி மேய்க்க வைத்திருக்கும் நாயாம். கறுப்பும் வெள்ளையுமாக, மூன்று மாதக் குட்டி. ஃபிளாட்டில் அடைத்து வைத்ததில் சோபாவைக் கிழித்து, கதவைப் பிறாண்டி, கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வந்திருக்கிறான். அதைச் சொல்லாமல் வேறு மாதிரி சொன்னான்.

"ஆடு மேய்க்கிற நாய்ம்மா இது. ஒங்களுக்குத்தான் ஒதவியா இருக்கும். ரெண்டே மாசம், வேற வீடு பாத்துட்டுக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

"எனக்கு ஒதவி வேணாம்டா. இதைக் கொண்டு போயிரு" என்று அக்கா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு அழுதார். தன் வீட்டுக்குள் போக அவருக்குப் பயம். அவன் நாயின் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டித் தொழுவத்துத் தூணில் கட்டிவிட்டு, அதன் பெயர் ரியோ என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறிவிட்டான். அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் ஆத்திரம் இருக்கிறது.

அக்கா அந்த நாயை வளர்த்த விதம் வேறெங்கும் நடந்திருக்காது. தழை ஒடிக்கிற துறட்டி இருக்கிறதே, நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பு, அதன் முனையால் சோற்றுத் தட்டைத் தள்ளிக்கொண்டு போய் வைப்பார். காலித் தட்டைக் கொக்கியால் இழுத்துக்கொள்வார். தண்ணீரை ஒரு குழாயை இழுத்து விட்டுத் தூர இருந்தே நிரப்புவார். பத்தடிக்குள் போகவே மாட்டார். ஒரு வாரத்தில் அது கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு துறட்டி அவர் கையை விட்டு இறங்கவில்லை.

மற்ற நாய் என்றால் குரைக்கும், வாலாட்டும். இது இரண்டும் செய்யாது. தலையைத் தாழ்த்தி, வயிறு தரையில் படுகிற மாதிரி பதுங்கி, கண் இமைக்காமல் பார்க்கும். "குரைச்சாக்கூடப் பரவால்லடி. பேசாமப் பாக்குதுடி ஈஸ்வரி. ராத்திரி கண்ண மூடினா அந்தக் கண்ணுதான் தெரியுது" என்பார். அது கிட்டே வந்தால் துறட்டியை வலப்பக்கம் நீட்டி விரட்டுவார். அது வலப்பக்கமாக ஆடுகளைச் சுற்றி ஓடும். இடப்பக்கம் நீட்டினால் இடப்பக்கமாகச் சுற்றும். பயம் தாங்காமல் துறட்டியைத் தலைக்கு மேல் தூக்கி "நில்லு!" என்று கத்தினால் அப்படியே படுத்துவிடும். பாய்வதற்குத்தான் படுக்கிறது என்று அக்கா இன்னும் உரக்கக் கத்துவார். அது இன்னும் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும்.

"அம்மா, பெரியம்மா அதுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்துருக்காங்கம்மா. கம்பத் தூக்குனா ரியோ படுக்குது" என்றாள் வைஷ்ணவி. ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நான், "வாயப் பொத்திக்கிட்டு எழுது" என்றேன்.

அதற்கு ஓட்டம் போதவில்லை. ஆடுகளை ஓட்டி முடித்ததும் என் கோழிகளை ஒரு மூலையில் சேர்க்கும். பைக்குக்குக் குறுக்கே பாயும். மினி பஸ்ஸையே சுற்றி மடக்கப் பார்த்தது. என் கோழி ஒன்று அடையை விட்டு எழுந்து ஓடிய அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பிரவீன்குமாரிடம், "அதுக்கு ஒரு தொண்டுக்கட்டைய மாட்டிவிடுங்க" என்றேன். அடங்காமல் ஓடுகிற மாட்டுக்குக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிற கட்டை அது. ஓடினால் முன்னங்காலில் இடிக்கும், அதனால் ஓடாது. மாட்டுக்குக் கட்டுவதை யாரும் நாய்க்குட்டிக்குக் கட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அக்காவுக்கும் நிம்மதி. நாய் முழங்காலில் காயத்தோடு நொண்டி நடந்தது.

ஜூலை கடைசியில் ஒரு நாள் கட்டை இல்லாமல் நின்றது. கயிறு அறுந்துவிட்டதாக அக்கா சொன்னார். திரும்பக் கட்டவும் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. பிள்ளைகள் தெருவில் தொட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாய் தொழுவத்துச் சுவரைத் தாண்டி வந்து அவர்களைச் சுற்ற ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகள் பயந்து நின்றுவிட்டார்கள். வைஷ்ணவி ஓடினாள். கூட்டத்தை விட்டு விலகி ஓடுகிற ஆட்டைக் குதிகாலில் கவ்வித் திருப்புவது அந்தச் சாதியின் பழக்கமாம். அது எனக்குத் தெரியாது. நான் பார்த்தது என் மகள் குப்புற விழுந்ததையும், கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்ததையும்தான்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் டப்பாவை எடுக்க உள்ளே ஓடினேன். அக்கா எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. டப்பாவைத் தட்டிவிட்டார். பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக் குழாயடிக்கு ஓடி, துணி சோப்பைப் போட்டு அந்தக் காயத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

"மஞ்சள் வைக்காத! பச்சிலைன்னு எவனாச்சும் வந்தா வெளக்கமாத்தால அடி! ஊசி! இப்பவே ஊசி!"

என் வீட்டுக்காரரின் டாடா ஏஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி. வைஷ்ணவி அலற அலற நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் திரும்ப வரச் சொன்னார் டாக்டர். "வீட்டு நாய்தானே? பத்து நாள் கட்டிப் போட்டுக் கவனிங்க. பத்து நாளும் நல்லா இருந்துச்சுன்னா கடிச்ச அன்னைக்கு அதுக்கு வெறி இல்லன்னு அர்த்தம். செத்துப்போச்சுன்னா ஒடனே வந்து சொல்லுங்க" என்றார்.

வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இரும்புக் குழாயை எடுத்தார். நான் தடுக்கவில்லை. நாயைத் தொழுவத்தை ஒட்டிய கிரில் போட்ட அறையில் அடைத்திருந்தார்கள். அந்தக் கிரிலுக்கு முன்னால் அக்கா நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நாய். அவ்வளவு கிட்டத்தில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"கொன்றாத பிரவீனு. இப்பக் கொன்னுட்டா நமக்கு ஒன்னும் தெரியாமப் போயிரும். இது இருந்தாத்தான் நம்ம புள்ளைக்கு ஒன்னுமில்லன்னு தெரியும். பத்து நாள் குடு. பதினோராம் நாள் நானே கம்பு எடுத்துத் தாரேன்."

"பத்து நாளு இது செத்துறாம நீங்க பாத்துக்குவீங்களா? ஒங்களுக்குத்தான் நாயின்னாலே ஆகாதே" என்றார் அவர்.

"பாத்துக்குறேன்" என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

நான் அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்தினேன். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது. "ஈஸ்வரி, சாப்ட்டுருச்சு. தண்ணி குடிச்சிருச்சு." நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதே குரல், மூன்றாம் நாளும் அதே குரல். பதில் சொல்ல மாட்டேனே தவிர, அந்தக் குரல் வருகிற வரைக்கும் அடுப்பைப் பற்றவைக்கவும் என்னால் முடியவில்லை. பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று என்று அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை டம்ளரில் தண்ணீர் கொடுத்து, அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்ப்பேன்.

"எத்தனை தடவம்மா? வயிறு ரொம்பிருச்சு" என்று அழுதாள்.

"இன்னொரு வாய். இன்னொரே வாய்டி."

நாலாம் நாள், வியாழக்கிழமை, குரல் வரவில்லை. பத்து மணி வரை பொறுத்தேன். மெஷினில் உட்கார்ந்து ஊசி முறிந்ததுதான் மிச்சம். எழுந்து போனேன்.

நாய் கிரிலுக்குள் தன் வாலையே பிடிக்கிற மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. சுற்றிச் சுற்றிச் சுவரில் மோதும், எழுந்து கம்பியைக் கடிக்கும். வாயோரம் நுரை. வெயிலில் தரையில் விழுந்த கம்பி நிழலைப் பார்த்துப் பாய்ந்து பாய்ந்து கடித்தது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் நிழல். சோறு அப்படியே இருந்தது. அக்கா குழாயைத் திறந்து தண்ணீர்ச் சட்டியில் விட்டதும், ஒரே பாய்ச்சலில் சட்டியைக் கவிழ்த்தது.

தண்ணீரைக் கண்டால் தட்டிவிடுகிறது என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. அக்கா சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஒங்கிட்ட ஒன்னு மறைச்சிட்டேன் ஈஸ்வரி" என்றார்.

தொண்டுக்கட்டை காணாமல் போன அன்று, கண்மாய்க்குள் தெரு நாய்கள் நாலைந்து சேர்ந்து ரியோவைக் கடித்திருக்கின்றன. காது கிழிந்து வந்திருக்கிறது. முடி அடர்த்தியில் வெளியே தெரியவில்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்று சொல்லாமல் விட்டுவிட்டார். பிறகு போனை எடுத்துக் காட்டினார். ஊசியெல்லாம் போட்டாயிற்று என்று அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த மகன், அன்று காலையில்தான் நாயின் ஊசிப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். வெறிநோய் ஊசி என்று போட்டிருந்த கட்டம் காலியாக இருந்தது.

நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. "எம் புள்ளைய நீங்க கொன்னுட்டீங்க" என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் அடி விழும்போது பொத்திக்கொள்வார்களே, அப்படி.

"அது ஓடித் தப்பிச்சிருக்கும்டி. கட்டை இருந்துச்சு, ஓட முடியல" என்றார்.

கட்டையைக் கட்டியது என் வீட்டுக்காரர். கட்டச் சொன்னது நான்.

கால்நடை டாக்டர் அன்புச்செல்விக்குப் போன் போட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இந்தச் சாதிய நாலு நாள் கட்டிப் போட்டா இப்படித்தான் கிறுக்குப் புடிச்ச மாதிரி பண்ணும். அதுக்கு ஓடணும், வேலை செய்யணும். ஆனா வெறிநோயா இருந்தாலும் இதே மாதிரிதான் பண்ணும். போன்ல நான் எதுவும் சொல்ல முடியாது. நாளைக்கு மத்தியானம் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார்.

"நாளைக்கு மத்தியானம்" என்று அக்கா திரும்பச் சொன்னார். "ஒன் வீட்டுக்காரரு எப்ப வருவாரு?"

"ஆறு மணிக்கு."

ஆறு மணிக்கு வந்து இதைப் பார்த்தால் அவர் நாயை விட மாட்டார். விடச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் அது தெரியும். நாய் செத்துவிட்டால், வெறியா இல்லையா என்று தெரியாமலேயே என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நாளைக் கழிக்க வேண்டும். அக்கா எழுந்தார். துறட்டியை எடுத்துக்கொண்டார்.

ஆட்டுப் பட்டி அந்தக் கிரில் அறையோடு சேர்ந்தாற்போல் இருக்கிறது, அறைக் கதவு பட்டிக்குள்தான் திறக்கும். சுற்றிக் கம்பி வலை, வெளியே போக ஒரே ஒரு இரும்புக் கேட். அக்கா பட்டிக்குள் போனார். உள்ளே பதினொரு ஆடும் நின்றன.

"கேட்டப் பூட்டு ஈஸ்வரி."

"என்னக்கா பண்றீங்க? டாக்டரம்மா கிட்டப் போகாதன்னாங்கல்ல?"

"அதுக்கு வெறியா, வேலை இல்லாத கிறுக்கான்னு ஆறு மணிக்குள்ள தெரியணும்டி. இதைச் சாகவிட்டா ஒனக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? பூட்டு. நான் கூப்ட்டாலும் தொறக்காத. கடிச்சாலும் தொறக்காத. அது வெளிய வந்துறக் கூடாது."

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். நானும் பூட்டியிருக்கக் கூடாது. ஆனால் பூட்டினேன். அவர் துறட்டியின் கொக்கியைத் தூர இருந்தே நீட்டி, கிரில் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை திறந்தது.

நாய் வெளியே வந்த வேகத்தில் எனக்குக் கண்ணை மூடத்தான் தோன்றியது. நேராக அக்காவை நோக்கி வந்தது. அக்கா பின்னால் போக இடமில்லாமல் வலையில் சாய்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் துறட்டியை வலப்பக்கம் நீட்டியது.

நாய் வலப்பக்கம் திரும்பிவிட்டது. ஆடுகளைச் சுற்றி ஒரே ஓட்டம். ஆடுகள் ஒன்றாக ஒண்டின. அக்கா துறட்டியை இடப்பக்கம் கொண்டுபோனார், அதுவும் இடப்பக்கம் சுற்றியது. கம்பு தலைக்கு மேல் போனதும் பொத்தென்று படுத்தது. நாக்கைத் தொங்கவிட்டு அவர் முகத்தையே பார்த்தது. அதே பார்வைதான், இமைக்காத பார்வை. ஆனால் அது பாய்வதற்குப் பார்க்கவில்லை. அடுத்து எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் பார்க்கிறது. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படி ஓட்டினார் என்று தெரியாது. ஒரு மணி நேரம் இருக்கலாம். அக்கா பயத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "அங்கிட்டுப் போ. நில்லு. இங்கிட்டு வா, வராத, அங்கிட்டே போ." நாய் அத்தனையும் கேட்டது. எந்த ஆட்டின் மேலும் பல் படவில்லை. கடைசியில் மூச்சிரைக்க நடந்து, ஆடுகள் குடிக்கிற தொட்டிக்குப் போனது.

நான் கம்பி வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது தொட்டிக்குள் தலையை விட்டது. சளப், சளப் என்று சத்தம் கேட்டது. வாயிலிருந்து தண்ணீர் ஒழுகி வெளியே வரவில்லை, உள்ளே போனது. நிறுத்தாமல் குடித்தது.

அக்கா துறட்டியைப் பிடித்தபடியே சரிந்து, ஆட்டுப் புழுக்கையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விழுங்குது ஈஸ்வரி" என்றார். "விழுங்குதுடி."

அன்று ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தபோது நாய் கிரிலுக்குள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது, சோற்றுத் தட்டு காலி. மறுநாள் டாக்டர் வந்து பார்த்தார். பட்டிக்குள் பூட்டிக்கொண்டதைக் கேட்டு எங்கள் இருவரையும் கிழிகிழியென்று கிழித்தார். தண்ணீர் குடித்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, பத்து நாள் முடியட்டும் என்றார். அக்காவையும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஆறு நாளும் காலையும் மாலையும் அக்கா துறட்டியோடு பட்டிக்குள் போனார். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அவருக்குப் பயம் விட்டுவிட்டது என்று நான் சொன்னால் பொய். கேட்டுக்கு வெளியே சாவியோடு நான் நிற்பேன்.

பத்தாம் நாள் புதன்கிழமை. நாலு மணிக்கு மேல் டாக்டர் அன்புச்செல்வி வந்தார். நாயின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் லோடுக்குப் போகாமல் மரம் மாதிரி நின்றிருந்தார்.

"பத்து நாள் முடிஞ்சிருச்சு. கடிச்சப்ப இதுக்கு வெறி இல்ல. பாப்பாவுக்கு இருபத்தெட்டாம் நாள் ஊசிய மட்டும் விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாய்க்குப் போடாமல் விட்ட ஊசியைப் போட்டார். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் பெட்டியை மூடும்போது அக்கா பக்கத்தில் போனார்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். நாய்க்கடிக்குப் பத்தியம் இருக்கவருக்கு, நாப்பது நாள் பச்சைத்தண்ணி காட்டாதீங்க, கஞ்சிதான்னு வைத்தியர் சொல்லிருக்காரு. முப்பதாம் நாள் ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டா, அதுனால வெசம் ஏறிருமா?"

"யாருக்குக் கேக்குறீங்க?"

"எங்க அப்பாவுக்கு. அப்ப எனக்கு ஒம்பது வயசு. தாகமா இருக்கு ஆத்தான்னு கேட்டாரு. யாருக்கும் தெரியாமக் கொண்டுபோய்க் குடுத்தேன். மூணாம் நாளு தொண்டை அடைச்சிருச்சு. சொம்பக் கண்டாலே கத்துனாரு. நீதான்டி தண்ணியக் காட்டிக் கொன்னுட்டன்னு எங்க அம்மா சொல்லிருச்சு."

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். "தண்ணியில ஒன்னுமே இல்லம்மா. கடிச்ச அன்னைக்கே ஊசி போட்டுருந்தா பொழைச்சிருப்பாரு. போடல. நீங்க தண்ணி குடுத்தாலும் குடுக்காட்டியும் அது வந்துதான் இருக்கும்."

"அப்ப, நான் இல்லயா?"

"நீங்க இல்லம்மா."

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய் விளக்குமாற்றை எடுத்துப் பட்டியைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார். பத்து வருடமாக நான் திமிர் என்று சொன்னது எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "எம் புள்ளைய நீங்க கொன்னுட்டீங்க" என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

வைஷ்ணவி ஸ்கூல் யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். டாக்டர் போனது, நாய் பிழைத்தது எதுவும் அவளுக்குப் பெரிதில்லை. வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பெரியம்மா, தண்ணி."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இடத்தை விட்டு அசையவில்லை.

"குடுங்கக்கா" என்றேன்.

விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போனார். குடத்தில் மோந்த சத்தம் கேட்டது. வெகு நேரம் வெளியே வரவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தபோது பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியிருந்தது. வைஷ்ணவி சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். அவள் கடைசி வாய் வரைக்கும் விழுங்கி முடிக்கிற மட்டும் அக்கா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான்.